சொல் திருடிய கொசுக்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, நீங்களும் பிறக்கவில்லை, நானும் பிறக்கவில்லை, அப்போது நீலவனம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் சதுப்பில் கருங்கண்ணன் என்ற மந்திரவாதி குடியிருந்தான். அவனிடம் ஒரு மாயக் கொசுப்படை இருந்தது. அந்தக் கொசு கடித்தால் கடிபட்டவருக்கு ஒரு சொல் மறந்துபோகும். கொசு அதைக் கொண்டுபோய் மந்திரவாதியின் குடுவையில் போடும்.

மந்திரிக்கு 'உப்பு' மறந்தது. ராஜாவுக்கு 'இறங்கு' மறந்தது. பாவம், யானைமேலேயே சாப்பிட்டார், யானைமேலேயே தூங்கினார்! ஓடக்காரி வஞ்சியின் புருஷன் சடையனுக்கோ அவள் பெயரே மறந்துபோனது.

"உன்னை நான் எப்படிக் கூப்பிடுவேன்?" என்று அவன் அழுதான்.

வஞ்சிக்கும் அழுகை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. ஊரையே கடிக்கிற கொசு, ஆற்றோரப் புதரில் உரசிக்கொண்டு நிற்கும் எருமையை மட்டும் ஏன் தொடுவதில்லை?

புதருக்குள் போய்ப் பார்த்தாள். ஆவாரை, துளசி, நொச்சி என்று மூன்று செடிகள் பின்னிக் கிடந்தன. எது காரணம்? ஒரு மாயக் கொசுவைக் கலயத்துக்குள் பிடித்தாள். ஆவாரை இலையைக் கசக்கிக் கையில் பூசி உள்ளே நீட்டினாள்.

"கொசுவே கொசுவே, கடிப்பாயா?"

"கடிப்பேன்!" நறுக். வஞ்சிக்கு 'மழை' மறந்தது.

துளசியைப் பூசினாள். "கொசுவே கொசுவே, கடிப்பாயா?"

"தும்மிவிட்டுக் கடிப்பேன்!" நறுக். 'துடுப்பு' மறந்தது.

அடுத்த கடியில் சடையன் பெயர் போய்விட்டால்? ஆனாலும் நொச்சியைப் பூசி நீட்டினாள். "கொசுவே கொசுவே, கடிப்பாயா?"

"ஐயோ, கையை எடு! உன் தோல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை!"

"ஏன்?"

"பூச்சி தின்றுவிடக் கூடாதென்று அந்தச் செடி தன் இலைக்குள்ளேயே எண்ணெய் வைத்திருக்கிறது. அந்த வாசனை வந்தால் எனக்குத் தலை சுற்றும்!"

வஞ்சி ஊரெல்லாம் ஓடிச் சொன்னாள். எல்லோரும் நொச்சியைப் பூசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு நொச்சிப் புகை எழுந்தது. யானைமேல் இருந்த ராஜாவுக்கும் ஒரு கொத்து வீசினார்கள்.

கொசுக்கள் வெறும் வாயோடு சதுப்புக்குத் திரும்பின.

"எங்கே என் சொற்கள்?" என்று கத்தினான் கருங்கண்ணன்.

பசியில் துடித்த கொசுக்கள் அவன்மேலேயே பாய்ந்தன. நறுக்! மந்திரத்தின் முதல் சொல் மறந்தது. நறுக்! நடுச்சொல் மறந்தது. நறுக்! கடைசிச் சொல்லும் போனது. மந்திரமே இல்லாதவன் என்ன மந்திரவாதி? குடுவை படீரென்று வெடித்தது. சொற்களெல்லாம் சிட்டுக்குருவிகளாகி அவரவர் வீட்டுக்குப் பறந்தன. கொசுக்களின் மாயமும் கலைந்தது.

ராஜா முதல் வேலையாக யானையைவிட்டு இறங்கினார். வஞ்சிக்குத் தேக்குமரத்தில் ஒரு புது ஓடம் கொடுத்தார். அவள் அதைத் தள்ளிக்கொண்டு நடு ஆறு போயிருப்பாள். கரையில் சடையன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"வஞ்சீ!"

"என்னங்க?"

"ஒன்றுமில்லை. சும்மாதான் கூப்பிட்டேன்."

வஞ்சி ஓடத்தைக் கரைக்குத் திருப்பினாள்.