நாற்பது கட்டாய்ப் போன சுவடி

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரை நாடொன்றைக் கோமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கோபமும் சிரிப்பும் அவனுக்கு ஒரே மூச்சில் வரும்.

நாட்டின் கடைக்கோடியில் இருந்த வேங்கைமலையில் விஷக்காய்ச்சல் பரவியது. அரண்மனை மருத்துவச் சுவடியின் நகல் ஒன்று கேட்டு மலைத் தலைவி பூங்கோதி ஆளனுப்பினாள். ஆயிரம் ஏடுகள், ஒரே கட்டு, மேலே அரச முத்திரை. வழியில் ஓர் ஏடு நனைந்தாலும் முழுக்கட்டும் திரும்பிவிடும். முதல் ஏட்டிலிருந்து மறுபடி எழுத வேண்டும். அதுதான் அரண்மனை வழக்கம். காட்டாற்றில் நனைந்து மூன்று முறை திரும்பியது.

"இப்போது என்ன செய்வது?" என்று சீறினான் அரசன்.

"நான்காம் முறை எழுதுவோம், அரசே. வழக்கத்தை மாற்ற முடியுமா?" என்றார் சுவடிசாலைத் தலைவர் அம்பலப் பண்டிதர்.

அமைச்சர் நல்லியனார் சிரித்தார். "நாளை பண்டிதருக்கு என் வீட்டில் விருந்து. அரசரும் வரவேண்டும்."

மறுநாள் இலை போட்டார்கள். பண்டிதர் நெய்ச்சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். ஒரு பருக்கை கீழே விழுந்தது.

"இலையை எடுங்கள்! முதலிலிருந்து பரிமாறுங்கள்!" என்றார் அமைச்சர்.

மூன்றாம் இலையும் போனபோது பண்டிதர் கத்தினார்: "விழுந்தது ஒரு பருக்கை ஐயா! அதற்கு இலையையே பறிப்பீரா?"

"ஓர் ஏடு நனைந்ததற்கு ஆயிரம் ஏட்டையும் நீர் பறிக்கவில்லையா?"

அரசன் வயிறு வலிக்கச் சிரித்தான். அன்றே சுவடி நாற்பது கட்டாயிற்று. ஒவ்வொன்றிலும் எண். காய்ச்சலுக்கான மருந்து முதல் கட்டில். வெவ்வேறு வழிகளில் ஆட்கள் ஓடினார்கள். எது போய்ச் சேரவில்லையோ, அதை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

சில நாள் கழித்து, சுவடிசாலைத் தலைமையின் அடையாளமாகப் பண்டிதர் அணிந்திருந்த முத்திரை மோதிரத்தைக் கழற்றி, சபை நடுவே அமைச்சருக்கு அணிவித்தான் அரசன். அப்போது மலையிலிருந்து ஆள் வந்து பூங்கோதியின் ஓலையைப் படித்தான்:

"முதல் கட்டு வந்தவுடன் கஷாயம் காய்ச்சினோம். ஊர் பிழைத்தது. என் மகள் கட்டு வருவதற்கு நான்கு நாள் முன்பே போய்விட்டாள். ஏழாம் கட்டும் இருபதாம் கட்டும் வரவில்லை. அனுப்பிவையுங்கள்."

அமைச்சர் மோதிரத்தைக் கழற்றி அரியணைப் படியில் வைத்தார்.

"அரசே, முதல் தடவை திரும்பியபோதே இந்த வழி எனக்குத் தோன்றியது. பண்டிதர் இன்னும் கொஞ்சம் அவமானப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

"அந்த விருந்தில் நான் எப்படிச் சிரித்தேன்!" என்றான் அரசன், மெதுவாக.

பண்டிதர் ஏழாம் கட்டை எழுத உட்கார்ந்தார். இருபதாவதை அமைச்சர் எடுத்துக்கொண்டார். மோதிரம் அரியணைப் படியிலேயே கிடந்தது.