மூன்று வாட் குரல்

முன்பு ஒரு சமயம், தூத்துக்குடியில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடைக்கு கண்ணாடிக் குழல் மாதிரி வால்வு வைத்த வயசான ஆம்ப்ளிஃபயர் ஒன்று வந்து சேர்ந்தது. மொத்தமே மூன்று வாட் பலம்தான். ரோஷம் மட்டும் முப்பது வாட்டுக்கு இருந்தது.

கொண்டுவந்தவள் பாக்கியத்தாய். எட்டுப் பெண்களை வைத்துத் தையல் கூடம் நடத்துகிறவள்.

"அண்ணாச்சி, மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு பாட்டு கேக்கணும், அவ்வளவுதான். பாடுனாப் பாடட்டும். இல்லேன்னா வால்வைக் கழத்திக்கிட்டு மத்ததைப் பழைய இரும்புக்குப் போட்டிருங்க. சாயங்காலம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழைய இரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் ஆம்ப்ளிஃபயருக்கு வெலவெலத்துப் போயிற்று.

கடைக்காரர் மரியதாஸ் கைராசிக்காரர்தான். ஆனால் அவர் கைக்கு வருவதெல்லாம் கார் ஆம்ப்ளிஃபயர்கள். ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு மறித்து நிற்கிறது என்பதற்கு ஓம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த ஓம் குறையக் குறைய, கார் ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் கூடும். அதே பழக்கத்தில், கடையிலேயே பெரிய, நாலு ஓம் ஸ்பீக்கரைத் தூக்கிவந்து மாட்டினார்.

ஆம்ப்ளிஃபயர் மூச்சைப் பிடித்துப் பாடியது. சளி பிடித்த தொண்டை மாதிரி ஏதோ கரகரத்தது.

"இம்புட்டுதானா?" என்றது பெரிய ஸ்பீக்கர். "என்னை அசைக்கணும்னா நூறு வாட் வேணும் தம்பி. நீ என் மேல ஈ உக்காந்த மாதிரி உக்காந்திருக்கே."

ஆம்ப்ளிஃபயருக்கு அவமானமாக இருந்தது. தன் முதுகில் உட்கார்ந்திருந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல் பாய்ந்தது. வால்வின் பேச்சை ஸ்பீக்கருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது டிரான்ஸ்ஃபார்மரின் வேலை.

"நான் சொல்லுறதை நீ ஒழுங்காச் சொல்லுதியா இல்லையா?"

"சொல்லத்தான் செய்யுதேன். எனக்குப் பதினாறு ஓம் ஆளு வேணும். நாலு ஓம் ஆளுகிட்ட எனக்குப் பேச்சு ஒட்டாது. என் மேலயே எழுதியிருக்கு. இந்த அழுக்குக்குள்ள எவன் படிக்கான்?"

"கத்திச் சொல்லித் தொலையேன்!"

"கத்துறது ஸ்பீக்கர் வேலைல்லா?"

மத்தியானம் மரியதாஸ் இன்னொன்று செய்து பார்த்தார். மூலையில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் தூசி படிந்து கிடந்தன. லேசான காகிதக் கூம்பு, ஆளுக்கு எட்டு ஓம். இரண்டையும் பக்கம் பக்கமாக ஒரே கம்பியில் முறுக்கினார். அப்படிச் சேர்த்தால் மின்சாரத்துக்கு வழி இரண்டாகி, எட்டும் எட்டும் நாலாகிவிடும். மறுபடியும் அதே கரகரப்பு.

"நாங்க பாட மாட்டோம்னு சொல்லலியே" என்றது சின்னதில் ஒன்று, அழாத குறையாக.

"எங்களை நிறுத்தின விதம் சரியில்ல" என்றது மற்றது.

சாயங்காலம் பாக்கியத்தாய் வந்தபோது மரியதாஸ் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது.

"கும்பிடு போட்டாச்சு தங்கச்சி. இதுல உசிரில்ல. வால்வைக் கழத்திருதேன்."

முதல் திருகு கழன்றது. ஆம்ப்ளிஃபயர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

தையல்காரி கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பாக்கியத்தாய் இடுப்பில் செருகியிருந்த துண்டுத் துணியை எடுத்து, பேச்சோடு பேச்சாக டிரான்ஸ்ஃபார்மரைத் துடைத்தாள்.

'இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடை தாயி' என்று கெஞ்சியது ஆம்ப்ளிஃபயர்.

"பதினாறுன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. சட்டை மாதிரி இதுக்கும் அளவு உண்டா?"

மரியதாஸின் கை நின்றது. குனிந்து பார்த்தார். தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"கார் நெனப்புலயே இருந்துட்டேனே! ஆனா பதினாறு ஓமுக்கு எங்க போவேன்? எங்கிட்ட எட்டுதான் இருக்கு, ரெண்டு" என்று, முறுக்கிக் கிடந்த சின்ன ஸ்பீக்கர்களைக் காட்டினார்.

"எட்டு முழம் ரெண்டு துண்டு இருந்தா நான் பதினாறு முழம் ஆக்கிருவேன். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா நீளம் வருமா? ஒண்ணோட நுனியில இன்னொண்ணை ஒட்டுப் போடணும்."

மரியதாஸ் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு முறுக்கிய கம்பிகளைப் பிரித்து, முதல் ஸ்பீக்கர் முடியும் இடத்தில் அடுத்த ஸ்பீக்கர் தொடங்கும்படி பற்றவைத்தார்.

"பிடிச்சுக்கோ" என்றது ஒன்று.

"பிடிச்சாச்சு" என்றது மற்றது.

"இப்ப சொல்லு" என்றது டிரான்ஸ்ஃபார்மர்.

ஆம்ப்ளிஃபயர் பயந்து பயந்து வாயைத் திறந்தது. காகிதக் கூம்புகள் இரண்டும் ஒரே மூச்சில் அதிர்ந்தன. பாட்டு கணீரென்று கடையை நிறைத்து வாசலைத் தாண்டியது. எதிர்த்த டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தோஷத்தில் வால்வு இன்னும் பிரகாசமாக எரிந்தது.

"எனக்கு?" என்று மெதுவாகக் கேட்டது பெரிய ஸ்பீக்கர்.

"உன் அளவுக்கும் ஒருத்தன் வருவான். அதுவரைக்கும் கேளு" என்றது ஆம்ப்ளிஃபயர்.

பாக்கியத்தாய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க அண்ணாச்சி!"

பிறந்ததிலிருந்து அந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.