விளக்குக்கு ஆகாத எண்ணெய்

“இந்த எண்ணெயைக் கீழே கொட்டினா நாளையிலிருந்து வேலைக்கு வராதே,” என்று கத்தினார் பஜ்ஜிக் கடை முதலாளி தணிகாசலம்.

பஜ்ஜி போடும் அஞ்சலை, கறுத்துக் கிடந்த வாணலியைப் பார்த்தாள். “திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் உடம்பை அணு அணுவா அரிக்குமாம், முதலாளி.”

“எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. விளக்கு வைக்கிற நேரம், சாமி விளக்குக்கு எண்ணெய் ஊத்து போ.”

அவள் வாணலியிலிருந்தே ஒரு கரண்டி மொண்டுகொண்டு நடந்தாள்.

“அடிப்பாவி! அந்தக் கருகல் எண்ணெயையா சாமிக்கு ஊத்துவே?”

மாலை வகுப்பு முடிந்து வந்து காத்திருந்த பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பினார்கள்.

“சாமிக்குத் திரிதான் கருகும், முதலாளி. இந்தப் பிள்ளைங்களுக்கு உள்ளே கருகும்.”

தணிகாசலம் புது டின்னை உடைத்தார். விளக்குக்கு ஊற்றிவிட்டு டின்னை அவளிடமே நீட்டினார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு ஓரமாக நின்ற ஒருவர், மகள் பாதி கடித்திருந்த பஜ்ஜியை மெல்ல வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.