துடிக்கிற சுவரைப் பின்னினவ

ஒரு நெஞ்சு, அந்த நெஞ்சுக்குள்ள ஒரு ஊரு, அந்த ஊருல ஒருத்தி இருந்தா. பேரு நாராயி.

யாரு நெஞ்சுன்னு முழிக்காதே டெல்பின். உங்கப்பா நெஞ்சுதான். ஆஸ்பத்திரியில அப்பாவை ஏன் எழுந்து நடக்க விடலைன்னு சாயங்காலத்துலேருந்து அத்தை உயிரை எடுத்தியே, அதுக்குத்தான் இந்தக் கதை. காலை ஆட்டாம படு. நடுவுல கேள்வி கேக்காதே. "ம்" மட்டும் கொட்டு.

"ம்."

அந்த ஊரு எம்மாம் பெருசு தெரியுமா? உங்கப்பா கையை மூடினா ஒரு முஷ்டி வருமே, அவ்வளவுதான். ஆனா உள்ள கோடிக்கணக்குல ஜனம். அதுல துடிக்காரங்கன்னு ஒரு கூட்டம். அவங்களுக்கு ஒரே வேலை. லப்-டப், லப்-டப்னு எல்லாரும் ஒண்ணா சுருங்கணும், ஒண்ணா விரியணும். அப்பத்தான் ரத்தம் சளக் சளக்னு உடம்பு பூரா ஓடும். உங்கப்பா எங்கம்மா வயித்துல இருக்கப்பவே ஆரம்பிச்சவங்க. ஒரு நாள் லீவு கிடையாது.

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

ஞாயித்துக்கிழமை கூடத்தான். ம் மட்டும்னு சொன்னேனா இல்லையா?

"ம்."

நாராயிக்குத் துடிக்கத் தெரியாது. அவளும் அவ சொந்தக்காரங்களும் நார் பின்னுறவங்க. துடிக்காரங்களுக்கு நடுவுல இருக்கிற சந்துல உக்காந்து, மெல்லிசா ஒரு வலை பின்னி, எல்லாரையும் சேத்துப் பிடிச்சு வைப்பாங்க. துடிக்காரங்கள்ல முறுக்கன்னு ஒருத்தர். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. "நாங்க நாள் பூரா குதிக்கிறோம், நீ உக்காந்த இடத்துலயே திங்கிறே"ன்னு தினமும் ஒரு குத்து குத்துவாரு.

அப்போ நாராயி சொல்லுவா: "குதிங்க மாமா, நல்லா குதிங்க. இத்தனை குதி குதிச்சும் ஆளுக்கொரு பக்கம் சிதறாம இருக்கீங்களே, எப்படின்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?"

அப்புறம் போன வாரம் என்ன ஆச்சு? உங்கப்பா கடை ஷட்டரைத் தூக்கிட்டு இருந்தாரு. அப்போ அந்த ஊருக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்ல ஒண்ணு, டபக்குனு அடைச்சுக்கிச்சு. கீழத்தெருவுக்கு மூச்சே போகலை. லப்... டப்... லப்... அவ்வளவுதான். தெரு நின்னுபோச்சு. டாக்டருங்க குழாயைத் திறந்து மத்த தெருவையெல்லாம் காப்பாத்திட்டாங்க. கீழத்தெருவுல பாதிப் பேரு போயிட்டாங்க.

"முறுக்கன் மாமா?"

அவரும்தான். நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். துடிக்காரங்க போனா, அந்த இடத்துக்குப் புதுசா ஆளு வர்றதில்லை.

இப்போ கேளு. அந்தத் தெருச் சுவர் ஊறின அட்டை மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு டப்புக்கும் உள்ளேருந்து ரத்தம் அது மேல மோதுது. சுவர் கிழிஞ்சா ஊரே இல்லை. உங்கப்பாவும் இல்லை.

"அத்தை..."

ம் சொல்லு கண்ணு. இங்க வா, ஒட்டிப் படுத்துக்கோ.

"ம்."

அந்தச் சுவரைப் பின்னி நிறுத்த நாராயி தன் சொந்தக்காரங்களோட கிளம்பினா. அவளுக்கு மூணு சோதனை. முதல் சோதனை, அங்க போய்ச் சேர்றது. குப்பை வார்ற கூட்டம் ஒண்ணு கொசகொசன்னு இறங்கி, செத்ததையெல்லாம் மென்னு தள்ளுது. அந்த வேகத்துல பழைய வலையையும் சேத்து மெல்லுது. இருந்த இடம் விட்டு நகராத நாராயி, அதுக்குள்ள புகுந்து ஊர்ந்து ஊர்ந்து போனா. போகப் போக அவ உடம்பே மாறிப்போச்சு. தோள் தடிச்சுது, கை முறுக்கேறுச்சு, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கன் மாமா மாதிரி இழுக்குற பலம் வந்துது. இத்தனை வருஷமா அந்தப் பலம் அவளுக்குள்ள எங்க இருந்துச்சு? எனக்குத் தெரியாது பிள்ளை. நெனச்சா எனக்குப் புல்லரிக்குது, பாரு கையை.

அப்புறம் ரெண்டாவது சோதனை. நம்ம வீட்டுல குழாய் உடைஞ்சா மெயினை மூடிட்டுத்தானே ரிப்பேர் பாப்பாங்க? அங்க மூட முடியாது. ஆடுற சுவத்துல உக்காந்து, அது ஆட ஆடப் பின்னணும். கூடப் போனவ ஒருத்தி அலுத்துக்கிட்டா: "அக்கா, ஒரே ஒரு நிமிஷம் துடிப்பை நிறுத்தச் சொல்லேன், கணக்கா பின்னிடலாம்."

நாராயி திரும்பிக்கூடப் பாக்கலை. "நிறுத்திட்டா யாருக்குடி பின்னுவே?"ன்னா.

ஆனா அவளும் ஒரு தப்பு பண்ணினா. அவசரத்துல நாரை விறைப்பா இழுத்துக் கட்டினா. லப்... பட்டுனு அறுந்துது. தடியா திரிச்சுக் கட்டினா. டப்... பட்டு! அதுவும் போச்சு. அப்புறம் நிதானிச்சு, தலைமுடிச் சுருள் மாதிரி நாரைச் சுருட்டிச் சுருட்டிப் பின்னினா. சுவர் விரிஞ்சா சுருள் நீண்டுது. சுவர் சுருங்கினா சுருள் மடங்குச்சு. அறுந்து போகலை.

அந்த நாரு இன்னும் பச்சையா இருக்கு. அப்பா எழுந்து நடந்தா ரத்தம் மோதுற வேகம் கூடும். அதான் அந்த நர்ஸ் கையைக் காட்டி "படுங்க சார்"ங்குறா. புரிஞ்சுதா?

"ம்... நாராயி பின்னினா அந்தத் தெரு மறுபடி துடிக்குமா அத்தை?"

போனவங்க இடம் துடிக்காது. ஒரு தழும்பா நிக்கும். முன்ன மாதிரி உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏற முடியுமோ முடியாதோ. ஆனா தழும்பு பிரியாம பிடிச்சுக்கும். மிச்சத் தெருவெல்லாம் அதைச் சுத்தித் துடிக்கும்.

"மூணாவது சோதனை?"

அதுதான் பெரிய சோதனை. பின்னுற கையை நிறுத்தத் தெரியணும். ஆர்வக்கோளாறுல நல்ல தெருவையும் சேத்துப் பின்னிட்டா, மத்தவங்களுக்கு விரிய இடமே இருக்காது. நெஞ்சு கல்லு மாதிரி ஆயிடும்.

"நாராயி நிறுத்தினாளா?"

அது இன்னும் வரலை டெல்பின். அந்த நாள் வந்தா, டாக்டர் குடுக்குற மாத்திரை போய் அவகிட்ட "போதும் தாயி"ன்னு சொல்லிப் பாக்கும். கேக்குறது அவ பொறுப்பு.

"அப்போ கதை முடியலையா?"

முடியலை. ரெண்டாவது சோதனைதான் ஓடிட்டு இருக்கு. நாம இங்க பேசிக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷம், உங்கப்பா நெஞ்சுல, லப்புக்கும் டப்புக்கும் நடுவுல கிடைக்கிற இத்தனூண்டு நேரத்துல, அவ ஒரு சுருள் போட்டுட்டா. இதோ, இன்னொண்ணு.

"ம்..."

நீ கண்ணை மூடிக்கலாம் தங்கம். அவ மூட மாட்டா.