பலவேசம் கடைஞ்ச ஒரு சாண் ஜாடி

ஏய், உக்காருங்கப்பா. பேச்ச நிறுத்துங்க. நீலச்சட்டக்காரரே, உம்ம மாடு எத்தன லிட்டர் கறந்தா எங்களுக்கென்னவே? நாளைக்கிச் சொல்லும். முறுக்கு திங்கிறவங்க ஒண்ணு முழுங்குங்க, இல்லன்னா ஊற வச்சுத் தின்னுங்க. கடுக்கு முடுக்குன்னா நான் எங்க கத சொல்ல?

மண்டக்குளம்னு ஒரு ஊரு. அங்க கடைசல் பட்டற வச்சிருந்த அண்ணன் தம்பி மூணு பேரு. மூத்தவன் பலவேசம், நடுவுள்ளவன் சொரிமுத்து, இளையவன் தளவாய். கைவேல தங்கம். கயித்த இழுத்து மரத்தச் சுத்தவிட்டு உளிய வச்சா, ஜாடியும் சிமிழும் வழுக்கிக்கிட்டு வரும். சாமி மூணு பேருக்கும் சேத்து ஆறு கை குடுத்துச்சு. மூள குடுக்க வந்தப்ப மூணு பேரும் வீட்டுல இல்ல.

பலவேசத்துக்கு வயசு முப்பத்தெட்டு. பதினாறு எடத்துல பொண்ணு பாத்து பஜ்ஜி தின்னதுதான் மிச்சம். பதினேழாவது எடம் பாத்திரக்கட பூலுடையாரு வீடு. மக செண்பகவடிவு. வாயே தொறக்காத பொண்ணு. "சாப்டியாம்மா"ன்னு கேட்டா ஒரு தலையாட்டு, அதோட சரி. அவளப் பாத்துட்டு வந்த நாள்லருந்து பலவேசம் ரெண்டு தரம் குளிச்சான்னா பாத்துக்கோங்க.

பூலுடையாருக்கு தொண்டைக்குள்ள ஒரு தவிலு உண்டு. அவரு சொன்னாரு: "மாப்ள, ஒரு சாண் ஒசரத்துல மரத்துல ஒரு ஜாடி கடைஞ்சு வையும். வயிறு மூணு பங்குன்னா கழுத்து ஒரு பங்கு. உள்ள நல்லாக் குடைஞ்சு, சுவரு வெத்தல கனத்துக்கு வரணும். எங்கருந்து பாத்தாலும் அளவு கண்ணுல சரியா நிக்கணும். வெள்ளிக்கிழம பொண்ணோட வாறேன். அளவு சரியா இருந்தா கல்யாணம். இல்லன்னா இந்தப் பேச்சே கிடையாது!"

பலவேசம் மூணே நாள்ல கடைஞ்சிட்டான். வயிறு மூணு, கழுத்து ஒண்ணு. வளஞ்ச உளிய வாய் வழியா உட்டு உள்ள குடைஞ்ச குடையில, ஜாடிக்குள்ள வெளக்க வச்சா வெளிச்சம் வெளிய தெரியுது. ஏவே, அதோட விட்டுருக்கக் கூடாதா?

தளவாய் சொன்னான், "அண்ணே, எங்கருந்து பாத்தாலும்னுல்லா சொன்னாரு? நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

பஸ் நிக்கிற எடம் எரநூறு எட்டு தள்ளி. ஜாடியப் பட்டற வாசல்ல வச்சிட்டு, அங்க போய் நின்னு கைய நீட்டி சாண் போட்டுப் பாத்தான். பாத்துட்டு கத்துறான், "அண்ணே! மோசம் போய்ட்டோம்! ஜாடி சுண்டக்கா அளவு ஆயிட்டு!"

"பக்கத்துல வாலே!"

வந்தான். "இப்பப் பெருசாயிட்டு."

மூணு பேரும் ஜாடியச் சுத்தி உக்காந்தாங்க, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி.

"பச்ச மரம், அதான் சுருங்குது," ன்னான் சொரிமுத்து.

"சுருங்குன மரம் திரும்ப ஏம்ணே பெருசாவுது? ஒருவேள பயந்து சுருங்குதோ?"

"பயந்தா நீ பக்கத்துல வரும்போதுல்லாலே சுருங்கணும், உன் மொகத்துக்கு?"

பலவேசம் அழுதுட்டான். "பஸ்ஸ விட்டு எறங்குன உடனே மாமா கண்ணுக்கு சுண்டக்காதான தெரியும்? அப்படியே அடுத்த பஸ்ஸப் புடிச்சிருவாரே!"

சொரிமுத்து ரொம்ப நேரம் காதக் கொடைஞ்சான். அவனுக்கு யோசன அங்கருந்துதான் வரும். "அண்ணே, அங்கருந்து பாத்தா ஒரு சாண் தெரியிற மாதிரி பெரிய ஜாடி கடைவோம். அவரு நடந்து வர வர நாம சீவிக்கிட்டே வருவோம். உள்குழிய மட்டும் ஒரு சாண் ஜாடிக்கு உள்ளதா இப்பவே குடைஞ்சு வச்சிரு. அவரு வாசலுக்கு வரும்போது சுவரு தானா வெத்தல கனத்துக்கு வந்துரும்!"

பலவேசம் தம்பியக் கட்டிப்புடிச்சான். மொத ஜாடியில, மரம் ஒட்டுற அரக்கக் காச்சி ஊத்தி மூலையில தள்ளுனான். வேற என்னத்துக்கு ஆவும் அது?

வெள்ளிக்கிழம. பட்டற வாசல்ல முழு மரம், ஆள் ஒசரம், வயிறு மூணு, கழுத்து ஒண்ணு. சொரிமுத்து கயித்துல, பலவேசம் உளியில. தளவாய் பஸ் நிக்கிற எடத்துல.

பூலுடையாரு எறங்குனாரு. பின்னாலேயே வடிவு. தளவாய் அவரு மூஞ்சிக்கு முன்னால கைய நீட்டி சாண் போட்டான்.

"என்னவே இது?"

"ஒண்ணுமில்ல மாமா, நீங்க பாட்டுக்கு நடங்க. அண்ணே, பெருசாவுது! சீவு!"

உர்ருன்னு உளி பாய்ஞ்சுது. இவரு பத்து எட்டு வச்சா அங்க பத்து சுருளு பறக்கு. பாதி வழியில பூலுடையாரு நின்னாரு. "அடடா, கொடைய பஸ் ஸ்டாப்புல வச்சிட்டேனே!" திரும்பி நடந்துட்டாரு.

"அண்ணே! மாமா பின்னால போறாரு! ஏத்து, ஏத்து!"

பலவேசம் உளியக் கீழ போட்டான். மொத ஜாடியில இருந்த அரக்கத் தொட்டுத் தொட்டு, சீவுன சுருள எல்லாம் திரும்ப ஜாடியில ஒட்டுறான். அவன் மீசையும் ஒட்டிக்கிட்டு, பிச்சு எடுத்தான். அதுக்குள்ள, கொடையப் பாத்த நாயி ஒண்ணு பூலுடையார வெரட்ட, வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாறாரு மனுசன்.

"ஓடுறாருண்ணே! வெரசா! வெரசா!"

மரம் பொகைய, கயிறு பொகைய, சொரிமுத்துவும் பொகைய, பூலுடையாரு வாசல்ல வந்து மூச்சு வாங்குன நேரம், ஜாடி கரெக்டா ஒரு சாண்! சுவரு வெத்தல கனம்! பலவேசம் உளிய மரத்துலருந்து எடுக்கப் போனான். கல்யாணம் முடிஞ்ச மாதிரிதான்.

பூலுடையாரு கண்ணாடிய மாட்டுனாரு. நல்லாப் பாக்கலாமேன்னு குனிஞ்சாரு.

"அண்ணே, இன்னும் பக்கத்துல வாறாரு! பெருசாவுதுண்ணே!"

படார்!

ஜாடி போன எடம் தெரியல. பூலுடையாரு மூஞ்சி முழுக்க சுருளு, பாதிரியார் தாடி மாதிரி. வடிவு முந்தானைய வாயில பொத்திக்கிட்டா.

"எங்கவே ஜாடி?" தவிலு அதிருது.

பலவேசம் பணிவா சொன்னான், "சுவரு போயிட்டு மாமா. உள்குழி அப்படியே பத்திரமா இருக்கு."

"நீங்க எரநூறு எட்டு பின்னால போனீங்கன்னா," ன்னான் தளவாய், "நாங்க திரும்ப ஒட்டி..."

"போறேம்லே! போயே போறேன்! வா வடிவு!"

விறுவிறுன்னு நடந்தாரு. நின்ன பஸ்ஸுல ஏறி உக்காந்து, மக ஏறிட்டாளான்னு கூடப் பாக்கல. பஸ்ஸு நகந்த பெறகுதான் பாத்தாரு. மக பட்டற வாசல்லயே நிக்கா. அரக்கு வழியிற மொத ஜாடி அவ இடுப்புல இருக்கு. வயித்தையும் கழுத்தையும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருக்கா.

ஜன்னல் வழியா தலைய நீட்டி பூலுடையாரு கத்துறாரு, "ஏட்டி! அந்தக் கூமுட்டைக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்! அடுத்த பஸ்ஸப் புடிச்சு வா!"

பலவேசம் தலையில கைய வச்சு உக்காந்துட்டான்.

வடிவு கைய நீட்டி, ஒரு கண்ண மூடி, கட்டவெரலையும் சுட்டுவெரலையும் சேத்து, பஸ்ஸு ஜன்னல்ல தெரிஞ்ச அப்பாவ அளந்தா. பொறந்ததுலருந்து அன்னைக்கித்தான் அவ சத்தமாப் பேசுனது.

"சுண்டக்கா அளவு இருந்துக்கிட்டு, என்னா அதட்டு அதட்டுறாரு பாருங்க!"