இரண்டாவது ஆள்

"முப்பது வருஷம் மேடையில பாடினவன் நான். என் பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒண்ணும் எடுபடலை, டீச்சரம்மா" என்றார் தாவெட்டி.

பின்லாந்தின் கிழக்குக் கோடியில், ஏரிக்கரையில் ஒரு வீடு. கேட்டுக்கொண்டிருந்த தைமிக்கு நாற்பது வயது, பழம்பாட்டுக்காரி; அந்த ஊர்ப் பழைய பாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பவள். வந்தவருக்கு அறுபத்தேழு. நடனக் கூடங்களில் டாங்கோ பாடிப் பேர் வாங்கிய மனுஷன். அவர் மனைவி ஐலிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

"அவளுக்குப் பிடிச்ச டாங்கோ எல்லாம் பாடிட்டேன். அக்கார்டியன் வாசிச்சேன். ஜன்னலையே பாத்துட்டிருக்கா. அவ குரலைக் கேக்காம எனக்கு வீடே பிடிக்கலை. உங்க பழைய பாட்டுல ஏதாவது ஒண்ணு அவளை எழுப்பாதா?"

தைமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தாள். அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் பழம்பாட்டை இரண்டு பேர் இப்படித்தான் பாடுவார்கள். ஒருவர் ஒரு வரியை எடுப்பார். மற்றவர் அதன் கடைசிச் சொல்லில் சேர்ந்துகொண்டு, அதே வரியைத் திரும்பப் பாடுவார். அவர் முடித்த பிறகுதான் முதல் ஆள் அடுத்த வரிக்குப் போவார்.

"நான் முதல் ஆள். நீங்க ரெண்டாவது" என்றாள்.

பாடினாள். அவரும் திரும்பப் பாடினார். மூன்றாவது வரி வந்ததும் ஆசாமிக்குப் பொறுக்கவில்லை; அடுத்த வரியைத் தானே கட்டி எடுத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

தைமி கையை விட்டுவிட்டாள். எழுந்து போய்க் காப்பி போட்டாள்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். காப்பி குடித்துக் குடித்தே மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று.

நாலாவது வாரம் வெடித்துவிட்டார்.

"எப்பதாம்மா எனக்கு முதல் வரி குடுப்பீங்க? அவ முன்னால போய்ப் பாட வேண்டியவன் நான்தானே?"

"வீட்டுல அவங்க வாயிலேருந்து ஒரு சத்தமும் வர்றதில்லையா?" என்று கேட்டாள் தைமி.

"காலையில ஜன்னலோரம் உக்காந்து 'ம்... ம்ம்'னு ஏதோ முனகுவா. உடனே நான் பாட ஆரம்பிச்சுடுவேன், உற்சாகமா இருக்கட்டுமேன்னு. நிறுத்திடுவா."

தைமி கையை மட்டும் நீட்டினாள்.

பிடிக்க வந்த தாவெட்டியின் கை பாதியில் நின்றது.

"அட மடையா" என்று தன்னையே திட்டிக்கொண்டார். தொப்பியைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஐலிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்தார். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார், விளங்காமல் போன வலது கையையும் சேர்த்து.

காத்திருந்தார். வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ம்... ம்ம்" என்றாள் ஐலி.

"ம்... ம்ம்" என்றார் தாவெட்டி.

ஐலி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு அடுத்த வரியை எடுத்தாள்.