தும்மல் தடைச் சட்டம்

ஒரு காட்டில் ஒரு யானைக்குத் தும்மல் வந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. மூக்கு இருக்கிற எல்லாருக்கும் தும்மல் வரும். இந்த யானைக்கு மூக்கு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

யானையின் பெயர் பூவாத்தா. உடம்புதான் பெரிது, மனசு ரொம்பப் பயந்தது. எறும்பு வரிசை குறுக்கே வந்தால், கடைசி எறும்பு போகும்வரை தூக்கிய காலைக் கீழே வைக்க மாட்டாள். அப்படிப்பட்ட பூவாத்தா ஒருநாள் காலையில் தும்பிக்கையை உயர்த்தி, "ஹா... ஹா..." என்று இழுத்து, "அச்ச்சூ!" என்று தும்மினாள்.

அதே நொடியில் பூமி அதிர்ந்தது.

மரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. குளத்துத் தண்ணீர் கரையேறி வந்து, தவளைகளைப் புல்லில் கொட்டிவிட்டுத் திரும்பிப் போனது. தூங்கிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி சரிவில் உருண்டு அடிவாரத்துக்கே போய்ச் சேர்ந்து, "எவன்டா என்னை இங்க கொண்டாந்து போட்டது?" என்று கத்தியது.

சடைச்சி என்ற முள்ளம்பன்றியின் வளை இடிந்து விழுந்தது. அவள் தன் குட்டிகளை வாயால் கவ்வி இழுத்து வெளியே போட்டுவிட்டாள். ஆனால் கடைக்குட்டியின் கால் மட்டும் கல்லில் சிக்கி நசுங்கிவிட்டது.

பெரிய ஆட்டம் அடங்கியும் சின்ன ஆட்டங்கள் நிற்கவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நிலம் அவ்வப்போது சிலிர்த்துக்கொண்டே இருந்தது. காட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

"இப்ப ஆடுச்சா?" என்று ஒரு அணில் கேட்கும்.

"ஆடல. நீதான் கிளையை ஆட்டுற" என்று இன்னொரு அணில் சொல்லும்.

"நான் எங்க ஆட்டுறேன்? நடுங்குறேன்."

அந்தக் காட்டின் ராஜா ஒரு சிங்கம். பெரிய பாறைக் குகைதான் அவருக்கு அரண்மனை. மழை வந்தால் சின்ன விலங்குகளும் அங்கேதான் ஒதுங்கும். வாசலில் நின்று "மகாராஜா வாழ்க!" என்று உரக்கச் சொன்னால் போதும். புகழ்ச்சி காதில் விழுந்தால் அந்தச் சிங்கத்துக்குப் பசிகூட மறந்துவிடும்.

சடைச்சி ராஜாவிடம் போனாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மகாராஜா, உங்க குகை உச்சியில பாறை வெடிச்சிருக்கு. நேத்து என் கை நுழைஞ்சுது, இன்னிக்குத் தலையே நுழையுது. அடுத்த ஆட்டத்துல மொத்தமா உக்காந்துடும். எல்லாரும் புல்வெளிக்குப் போயிடுவோம்."

சிங்கம் முகத்தைச் சுளித்தது.

"புல்வெளியா? பனி பெய்யுமே! என் பிடரி என்னத்துக்கு ஆகும்?"

சிங்கம் மந்திரியைப் பார்த்தது. மந்திரி ஒரு நரி. பெயர் வாகீசன். குகையின் மூலையில் ஒரு பொந்து நிறைய எலும்பு சேர்த்து வைத்திருந்தான். அதை விட்டுப் போக அவனுக்கும் மனமில்லை. ராஜா எந்தப் பதிலுக்காகத் தன்னைப் பார்க்கிறார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"மன்னா, பாறையின் மீது பிழையில்லை" என்றான் வாகீசன். மந்திரி ஆனதிலிருந்து அவன் இப்படித்தான் பேசுவான். "நிலம் நடுங்கியது எதனால் என்று அடியேன் விசாரித்துவிட்டேன். பூவாத்தா தும்மினாள். பூமி அதிர்ந்தது. அவள் தும்மலை நிறுத்தினால் நிலமும் நின்றுவிடும். தாங்கள் எங்கும் போக வேண்டியதில்லை."

சிங்கத்துக்கு உயிரே வந்தது. "கூப்பிடு அவளை!"

பூவாத்தா வந்தாள்.

"நீ தும்மினாயா?" என்று கேட்டான் நரி.

"ஆமாங்க."

"தும்மியதும் என்ன நடந்தது?"

"பூமி ஆடுச்சுங்க."

"கேட்டீர்களா மன்னா? அவளே ஒப்புக்கொண்டாள்!"

பூவாத்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, அந்தப் பிள்ளை கால் போனது என்னாலயா?" என்று விம்மினாள். அழுதால் மூக்கு உறுத்தும், மூக்கு உறுத்தினால் தும்மல் வரும் என்று சொல்லி அழுகைக்கும் அங்கேயே தடை போட்டான் நரி.

சட்டம் பிறந்தது. பூவாத்தா இனிமேல் தும்மக் கூடாது. ஒரு தும்மல் தும்மினாலும் ஆற்றுக்கு அப்பால் உள்ள முள்ளுக்காட்டுக்குத் துரத்தப்படுவாள். அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது, கடிக்க இலையும் கிடையாது. யானை அங்கே போனால் திரும்பி வராது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். காட்டில் இருந்த மிளகுக் கொடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். பூத்த மரங்களின் பக்கம் பூவாத்தா போகக் கூடாது. அவள் நடக்கிற பாதையில் தூசி கிளம்பாமல் இருக்கத் தவளைகள் முன்னால் போய்த் தண்ணீர் துப்பின. அவள் தலைமேல் மருதன் என்ற குரங்கு காவலுக்கு உட்கார்ந்திருந்தான். தும்பிக்கை லேசாக நெளிந்தால் போதும், "வருது! வருது!" என்று காடே கேட்கும்படி கத்துவான். உடனே எல்லாரும் அலறிக்கொண்டு குகைக்கு வெளியே ஓடுவார்கள். ஒன்றும் வராது. எல்லாரும் மறுபடி உள்ளே போவார்கள்.

பாவம் பூவாத்தா. மண்ணை வாரித் தலையில் போட்டுக் குளிப்பது யானைக்கு எவ்வளவு சுகம்! அதையும் விட்டாள். கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் நிலத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள். தினமும் விளாம்பழம் பறித்துக்கொண்டு போய் சடைச்சியின் கடைக்குட்டிக்கு உடைத்துக் கொடுத்தாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லக்கா" என்பாள் சடைச்சி.

"நீ நல்லவ. அதான் அப்படிச் சொல்ற" என்பாள் பூவாத்தா.

சில நாள் நிலம் அடங்கிக் கிடந்தது. பிறகு ஒருநாள் அவள் தும்மாமலே நிலம் ஆடியது. சடைச்சி ராஜாவிடம் ஓடினாள்.

"மகாராஜா, அக்கா தும்மவே இல்ல! மருதன் சாட்சி! ஆனாலும் ஆடிருச்சு!"

நரி கொஞ்சமும் அசரவில்லை. "தும்மியிருக்க மாட்டாள். தும்ம நினைத்திருப்பாள்" என்றான்.

எல்லாரும் பூவாத்தாவைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க. நினைச்சேன்" என்றாள்.

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சடைச்சிக்கு ஆத்திரமாக வந்தது. முதுகு முள் எல்லாம் விறைத்து நின்றது.

மறுநாள் வானம் இருட்டியது. பெரிய மழை வரும்போல் இருந்தது. முயலும் மானும் அணிலும் கீரியும் வழக்கம்போல் குகைக்குள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தன. உள்ளே கால் வைக்க இடமில்லை. மேலே பாறை விரிந்து, அதன் வழியே வானம் தெரிந்தது. "நல்ல வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டது சிங்கம்.

வெளியே, பூவாத்தாவின் தலைமேல் காவலுக்கு இருந்த மருதன் தூங்கிப் போனான். வால் சரிந்து கீழே தொங்கியது. தொங்கிய வால், மேலே சுருண்டிருந்த தும்பிக்கையின் துளைக்குள் நேராகப் போய்விட்டது.

"ஹா... ஹா..."

"வேண்டாம், வேண்டாம்" என்று பூவாத்தா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். முன்னங்காலால் தும்பிக்கையை மிதித்துக்கூடப் பார்த்தாள்.

"அச்ச்சூ!"

மருதன் பறந்து போய்ப் பலாமரத்தில் விழுந்தான். விழுந்தவன் அங்கிருந்தே, "வருது! வருது!" என்று கத்தினான். குகையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடிவந்தார்கள்.

நிலம் ஆடவில்லை.

"ஆடலையே!" என்றாள் சடைச்சி.

"கிளம்பிவிட்டது. வந்துகொண்டிருக்கிறது" என்றான் நரி. "உடனே மூக்கை அடையுங்கள்!"

மருதனும் மற்றக் குரங்குகளும் வாழைச் சருகைச் சுருட்டித் தும்பிக்கையின் இரண்டு துளையிலும் திணித்து, கொடியால் சுற்றி இறுகக் கட்டின. யானை குகை வாசலில் நுழையாது என்பதால் வெட்டவெளியிலேயே சபை கூடியது. தூறல் தொடங்கிவிட்டது. சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுக்க வேண்டும் என்று சிங்கத்துக்கு அவசரம்.

"பூவாத்தா, சட்டம் சட்டம்தான். இப்போதே ஆற்றைத் தாண்டிப் போ" என்றது.

"போறேனுங்க" என்றாள் பூவாத்தா. மூக்கு அடைத்திருந்ததால் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. "ஒரே ஒரு தடவை வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டுங்களா?"

சடைச்சியால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சடசடவென்று முள்ளை உதறிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"மந்திரியாரே, ஒரு சந்தேகம். மூக்கைக் கட்டியாச்சு. இனி பூமி ஆடாதுல்ல?"

"ஆடாது" என்றான் நரி.

"குகைப் பாறை விழாதுல்ல?"

"அணுவும் அசையாது. தாய்மடிபோல் பத்திரம்."

"ரொம்ப சந்தோஷம். அப்ப நீங்க உள்ள போய், அந்த வெடிப்புக்கு நேரா கீழ ஒரு தூக்கம் போடுங்க. நீங்க குறட்டை விட்ட சத்தம் கேட்டதும் அக்காவை நானே ஆத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"நல்ல யோசனை!" என்றது சிங்கம். "போ வாகீசா. நீ படுத்ததும் நாங்களும் வந்துவிடுகிறோம்."

நரி ஒரு அடி பின்வாங்கினான். தான் அளந்துவிட்டது அவனுக்குத் தெரியாதா என்ன?

"மன்னா, அடியேனுக்கு இப்போது தூக்கம் வரவில்லை."

"படுத்தால் வரும்."

"சாப்பிட்டதும் படுத்தால் செரிக்காது என்று..."

"போகிறாயா, இல்லையா?" என்று உறுமியது சிங்கம்.

நரி போனான். வாசலிலேயே படுத்தான். "இன்னும் உள்ளே!" என்றது சிங்கம். ஒரு முழம் நகர்ந்தான். "இன்னும்!" என்றது சிங்கம். இன்னொரு முழம் நகர்ந்தான். படுத்தபடியே, ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு, "கொர்ர்... கொர்ர்..." என்று சத்தம் கொடுத்தான்.

"தூங்கிவிட்டான்! வாருங்கள், மழை வலுக்கிறது" என்று சிங்கம் எழுந்து நடந்தது. முயலும் மானும் பின்னாலேயே கிளம்பின.

அப்போது பூமி ஆடியது.

முதல் நாள் ஆடியதுபோலவே ஆடியது. எல்லாரும் அப்படியே தரையோடு தரையாகப் படுத்தார்கள். தும்பிக்கையை இரு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்த மருதன், "தும்மல! சத்தியமா தும்மல! அவ நினைக்கக்கூட இல்ல, அழுதுட்டு இருந்தா!" என்று கத்தினான்.

குகை உச்சிப் பாறை மடாரென்று இறங்கியது. நரி எய்த அம்புபோல் வெளியே பாய்ந்தான். உடம்பு தப்பியது. வால் மட்டும் பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதற்குமேல் இன்னொரு பாறை ஆடி ஆடிச் சரிந்துகொண்டிருந்தது.

"காப்பாத்துங்க! ஐயோ, காப்பாத்துங்க!" அவன் மந்திரிப் பேச்சு போன இடம் தெரியவில்லை. "பூவாத்தா, தூக்கு! கல்லைத் தூக்கு தாயி!"

"தும்பிக்கையைக் கட்டி வச்சிருக்கே" என்றாள் பூவாத்தா.

"அவுத்து விடுங்கடா!"

மருதன் தலையைச் சொறிந்தான். "அவுத்தா தும்முவாளே! பூமி ஆடுமே!"

"ஆடாது!"

"நீங்கதான சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்டா! வாய்க்கு வந்ததைச் சொன்னேன்! அவ எத்தனை தும்மு தும்மினாலும் ஆடாது! அவுருடா பாவி!"

கொடியை அவிழ்த்தார்கள். சருகை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பல நாளாக அடக்கி வைத்திருந்த தும்மல் எல்லாம் சேர்ந்து ஒன்றாகக் கிளம்பியது.

"ஹா... ஹா... ஹா... அச்ச்ச்ச்சூ!"

சருகு உருண்டை சிங்கத்தின் பிடரியை உரசிக்கொண்டு பறந்தது. எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு புல்லும் ஆடவில்லை.

பூவாத்தா காலடி மண்ணைக் குனிந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி, மெதுவாக வைத்துப் பார்த்தாள். பிறகு சடைச்சியைப் பார்த்தாள்.

"அப்போ நான் இல்லையா?"

"இல்லக்கா. நீ இல்லவே இல்ல."

"பிள்ளை கால் போனதும் என்னால இல்லையா?"

"உன்னால இல்லக்கா."

பூவாத்தா ஓவென்று அழ ஆரம்பித்தாள். இத்தனை நாள் வாய்விட்டு அழவும் தடை அல்லவா? மழையோடு மழையாக அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்து சடைச்சியும் அழுதாள்.

"கல்லைத் தூக்கிட்டு அழக் கூடாதா?" என்று அலறினான் நரி.

அதுவும் சரிதான் என்று பூவாத்தா போய்ப் பாறையைத் தூக்கினாள். நரி வெளியே உருண்டான். அவன் உருண்ட மறுநொடி, மேலே சரிந்துகொண்டிருந்த பாறையும் விழுந்தது. குகை இருந்த இடத்தில் ஒரு கற்குவியல்தான் இருந்தது.

சிங்கம் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றது. தான் வழக்கமாகப் படுக்கிற இடம் எது, முயல்கள் ஒண்டுகிற இடம் எது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. பிடரியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

"சடைச்சி" என்றது கடைசியில், மெல்லிய குரலில். "அந்தப் புல்வெளி எந்தப் பக்கம்?"

நீதி: ஆபத்து வந்தால் பழி போட ஆளைத் தேடாதே, உயிர் தப்ப இடத்தைத் தேடு.